கொடைக்கானல் குளிரில் சூரியனைப் பார்க்கப் போனோம்

ஜனவரி முதல் வாரம், காலை ஒன்பது மணிக்கும் கொடைக்கானலில் விரல் விறைத்துக் கிடந்தது. ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, மேகம் ஏறிவிட்டால் அப்புறம் ஒன்றும் தெரியாது, முதலில் சோலார் அப்சர்வேட்டரிதான் என்று நான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன்.

1899இல் தொடங்கிய இடம். தாது வருஷப் பஞ்சத்தில் மழை ஏன் பொய்த்தது, சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் இது உருவாக ஒரு காரணம். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்ததும் இங்கேதான்.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிகள் வழியாக வரும் வெயில், சூரியனின் உருவமாகவே விழுகிறது. வெள்ளைத் தட்டில் இரண்டு கடுகு ஒட்டியதுபோலப் புள்ளிகள். கறுப்பாகத் தெரிந்தாலும் அங்கே ஏறத்தாழ 3,500 டிகிரி. சுற்றிலும் 5,500 இருப்பதால்தான் இருட்டாகத் தெரிகிறது. பக்கத்தில் சூரிய ஒளியின் நிறமாலை, வானவில்லைக் கத்தியால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடுகளோடு. பெரும்பாலான கோடுகள் அங்கே உள்ள ஏதோ ஒரு தனிமத்தின் கைரேகை. நான் அதை விட்டு நகரவே இல்லை.

"அம்மா, நெருப்பு எரியக் காற்று வேணுமே, அங்க ஏது?" என்றாள் மகள்.

சரியான கேள்வி. அது நெருப்பே இல்லை. தன் எடையே தன்னை அழுத்த, நடுவில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரிக்கு ஏறி, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நான்கு நான்காகச் சேர்ந்து ஹீலியமாகின்றன. சேரும்போது எடையில் ஒரு துளி குறைகிறது, அந்தத் துளிதான் வெப்பமும் வெளிச்சமும். ஒரு நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது, அதில் 40 லட்சம் டன் ஆற்றலாகப் போய்விடுகிறது.

இதைவிட என்னை அசர வைப்பது அதன் நிதானம். ஒரு டன் சூரியனை எடுத்தால் சராசரியாகக் கால் வாட்கூடத் தராது. ஸ்வெட்டருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் இவள் உடம்பே ஐம்பது வாட்டுக்குக் குறையாமல் தருகிறது! சூரியன் மூன்று லட்சம் பூமிகளுக்கு மேல் எடையுள்ளது என்பதால்தான் அந்தக் கொஞ்சமும் சேர்ந்து நம் முதுகைச் சுடுகிறது. இவ்வளவு மெதுவாகச் செலவழிப்பதால்தான் 460 கோடி வருடம் ஆகியும் இன்னும் ஏறக்குறைய அதே அளவு காலத்துக்குக் கையிருப்பு இருக்கிறது. நடுவில் பிறந்த ஆற்றல் மோதி மோதி மேலே வரவே பல்லாயிரம் வருடம் பிடிக்கும், அப்புறம் இங்கே வர எட்டே கால் நிமிடம்.

பதினொரு மணிக்கு மேகம் ஏறியது, உருவம் மங்கி மறைந்தது. வெளியே வந்து டீ குடித்தோம்.

ராத்திரி வானம் தெளிந்துவிட்டது. தங்கிய வீட்டுப் படியில் உட்கார்ந்து, எடை கூடிய நட்சத்திரம் நடுவில் இன்னும் சூடாகி எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும், மார்கழியில் களி கிண்டுகிறோமே அந்தத் திருவாதிரை ஒரு கோடி வருடத்துக்குள்ளேயே வாழ்வின் கடைசிக்கு வந்துவிட்டது, ஊதிப்போய் மேற்பரப்பு ஆறியதால்தான் அந்த நிறம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் சால்வைக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டி, "செவப்பா இருக்கே, அதா?" என்றாள்.

அதேதான்.