திவாலுக்குப் பிந்தைய படிவங்கள்

மார்ச் 4
கடன் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: கடன் வரலாறு. நீதிமன்றம் என்னைத் திவாலிலிருந்து விடுவித்தாயிற்று, பழைய கடன்காரர்களில் பெரும்பாலோர் இனி என்னைக் கேட்க முடியாது. ஆனால் நான் வாங்கிய, கட்டிய கடன்களையெல்லாம் பதிந்து வைக்கும் கடன் அறிக்கை அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. இங்கிலாந்தில் பொதுவாக 12 மாதத்தில் விடுவிப்பு. அறிக்கையில் பதிவு நிற்பதோ 6 ஆண்டு. அமெரிக்காவில் 10 ஆண்டு வரைகூட நிற்கலாம்.

மார்ச் 7
அறிக்கையை வரவழைத்து வரிவரியாகப் பார்த்தேன். திவாலில் அடங்கிப்போன ஒரு கார்டு கடன் இன்னும் நிலுவை என்றே கிடக்கிறது. விடுவிப்பு ஆணையின் நகலை இணைத்துத் திருத்தச் சொல்லி எழுதினேன். அது சரியாகும் வரை வேறெங்கும் கடன் கேட்பதாக இல்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் அறிக்கையில் பதியும்; அடுத்தடுத்து நாலைந்து பதிந்தால், ஆள் பணமுடையில் தவிக்கிறான் என்றுதான் படிப்பார்கள்.

மார்ச் 15
இரண்டு வேலைப் படிவங்கள். ஒன்றில், "தற்போது விடுவிக்கப்படாத திவால் நிலையில் உள்ளீரா?" இல்லை. மற்றதில், "எப்போதாவது திவாலானதுண்டா?" ஆம். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்டதற்கு உண்மையான பதில். பொய் சொல்லிச் சேர்ந்தால் பின்னால் அதுவே வேலைநீக்கத்துக்குக் காரணமாகும். இரண்டாவது, வாடிக்கையாளர் பணத்தைக் கையாளும் வேலை, கேட்பதில் நியாயம் இருக்கிறது. சரக்குக் கிடங்கு வேலைக்கும் இதைக் கேட்பவர்களைத்தான் புரியவில்லை. அமெரிக்கச் சட்டப்படி, திவாலை மட்டும் காட்டி அரசு அலுவலகம் வேலை மறுக்கக் கூடாது. தனியார் முதலாளி வேலையிலிருந்து நீக்கக் கூடாது. புதிதாகச் சேர்ப்பதில் தனியாருக்கு அந்தத் தடை இல்லை என்பதே அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தீர்ப்பு.

மார்ச் 22
வாடகை வீடு. தரகர் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன் திவாலானதை நானே சொல்லிவிட்டேன். சம்பளச் சீட்டுகள், வாடகை தவறியதில்லை என்று பழைய வீட்டுக்காரர் கொடுத்த கடிதம், எல்லாம் கொடுத்தேன். "முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு. ஜாமீன் போட ஆள் இருக்காங்களா?" என்றார் தரகர். அக்கா சம்மதித்தாள், ஆனால் ஒப்பந்தத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். "வாடகை மட்டுமா, நீ சுவரை இடிச்சாலும் நான்தான் கொடுக்கணுமா?" ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தது. வாடகையோடு சேதமும் அவள் தலையில். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 3
திருத்தம் வந்துவிட்டது. கார்டு நிலுவை 0. திவால் என்ற வரி அப்படியே இருக்கிறது, காலக்கெடு முடிந்தால்தான் போகும். காசு கொடுத்தால் அழித்துத் தருகிறோம் என்று ஒருவர் போனில் பேசினார். உண்மையான பதிவைக் கெடுவுக்கு முன் நீக்க அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. போனை வைத்துவிட்டேன்.