வெள்ளத்தில் நனைந்த ஏர் ரைஃபிளுக்குப் புதுப் பேரல்

ஏர் ரைஃபிள் குறி தவறத் தொடங்கினால் பேரலை மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேரலையே மடக்கி உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை ஏற்றும் வகை ரைஃபிளில் அது பாதி வேலைதான். பேரல் வந்து உடலோடு சேர்கிற மூட்டில்தான் மீதி இருக்கிறது. அச்சு போல்ட், அதன் இரண்டு பக்க வாஷர், பேரலைப் பூட்டிப் பிடிக்கும் ஆப்பு, காற்றை அடைக்கும் ஓ-ரிங் எல்லாமே புதுப் பேரலுக்கு ஒத்துவந்தாக வேண்டும். இந்த வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்து செய்தேன் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ரைஃபிள் பெரியப்பாவுடையது. .177 அங்குலத் துளை, அதாவது 4.5 மில்லிமீட்டர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்ம பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி திருநெல்வேலி சிந்துபூந்துறைத் தெருக்களுக்குள் ஏறியபோது, பெரியப்பா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ரெக்சின் உறைக்குள் இருந்த ரைஃபிளும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு வண்டலை அள்ளுவதும் நனைந்த பத்திரங்களை உலர்த்துவதுமே பெரும்பாடாக இருந்தது. உறையைத் திறந்து பார்த்தபோது உள்ளே துரு ஏறிவிட்டிருந்தது.

வெளித்துருவை எண்ணெய் தொட்டு மெல்லிய கம்பி நாரால் தேய்த்து எடுத்துவிடலாம். பேரலுக்குள் ஓடும் சுழல் காடிகளில் துரு குழி பறித்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ரைஃபிளில் குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு பேரலை மடக்கி, பின்பக்கமிருந்து ஒரு ஈயக் குண்டை வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் மெதுவாகத் தள்ள வேண்டும். நல்ல பேரலில் தொடக்கம் முதல் முனை வரை ஒரே இறுக்கமாகப் போகும். எங்கள் ரைஃபிளில் ஓரிடத்தில் சிக்கியது, அடுத்த விரற்கடையில் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே வந்த குண்டின் பாவாடையில், அதாவது விரிந்த பின்விளிம்பில், காடித் தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் கிழிந்தும் இருந்தது. அப்புறம் முனையின் உள்விளிம்பில் பஞ்சைச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். நார் சிக்கிக்கொண்டது. விளிம்பிலும் அரிப்பு என்று அர்த்தம். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் காற்று முந்தி வெளியேறினாலே குண்டு சாய்ந்துவிடும்.

சட்ட விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். .177க்கு மேல் துளையோ, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ இருந்தால் ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும். 0.51 கிராம் குண்டு வினாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் 20 ஜூல் வந்துவிடும். ஆகவே பேரலை மாற்றுகிற சாக்கில் கடுமையான ஸ்பிரிங்கையும் போட்டு வேகத்தைக் கூட்டுகிற எண்ணமே வேண்டாம். தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிள் என்றால் கதையே வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பேரலும் ஆயுதத்தின் பாகம்தான். பழுது பார்ப்பவருக்கே உரிமம் இருக்க வேண்டும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில், பேரல் மாறினால் தோட்டா உட்காரும் இடத்துக்கும் அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளியை அதற்கான அளவுக்கட்டை வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். அது வீட்டுத் திண்ணையில் செய்யும் வேலை அல்ல.

அதே மாடலுக்குரிய பேரலை, அதன் பின்முனையைத் தாங்கி மூட்டில் உட்காரும் பின்கட்டையோடு சேர்த்து முழுத் தொகுதியாகவே வரவழைத்தோம். வெறும் குழாயை மட்டும் வாங்கினால் பழைய கட்டையிலிருந்து குழாயைப் பிரஸ் வைத்துத் தள்ளி எடுத்துப் புதியதை நேராகச் செருக வேண்டும். அதில் நூலளவு சாய்ந்தாலும் போச்சு. முழுத் தொகுதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்தத் தொல்லை இல்லை.

கழற்றும் வேலையில் ஓய்வுபெற்ற ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர்) ஒருவர் உதவினார். ஸ்பிரிங் பக்கத்தை அவர் மட்டுமே தொட்டார். ரைஃபிளின் பின்முனையைத் திறந்தால் உள்ளே அழுத்தப்பட்ட நிலையில் ஸ்பிரிங் காத்திருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸரில் பிடிக்காமல் திறந்தால் முகத்தில் பாயும். “இத கையில பிடிச்சுக்கிட்டே கழத்திரலாம்னு எவன் சொன்னாலும் கேக்காதிய தம்பி” என்று கண்டிப்பாகச் சொன்னார். உள்ளே போயிருந்த வண்டலைத் துடைத்து, பிஸ்டன் சீலை மாற்றித் திருப்பிப் பூட்டினார். பேரலைக் கழற்ற ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. மரக்கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குருக்களை எடுத்து உடலைத் தனியே எடுக்க வேண்டும். அச்சு போல்டின் தலையைப் பூட்டியிருக்கும் சின்ன ஸ்குருவை முதலில் விடுவிக்க வேண்டும். பேரலைச் சற்றே மடக்கினால் ஆப்பின் அழுத்தம் விலகும். அப்போது போல்டை எடுத்து, ஸ்பிரிங்கை இழுக்கும் கம்பியின் நுனியைக் காடியிலிருந்து நழுவவிட்டால் பேரல் கையோடு வந்துவிடும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் முக்கியம். துருப்பிடித்த ஸ்குருவில் தலை சிதைந்தால் அரை மணி வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். நாங்கள் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தோம்.

புதுப் பேரலைச் செருகி போல்டை இறுக்கியதும் பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தது. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். எங்கள் ரைஃபிளில் ஸ்கோப் உடல்மேல் உட்கார்ந்திருக்கிறது. குறி பார்க்கும் முன் சைட், பின் சைட் இரண்டும் பேரல்மேலேயே இருந்தால் மூட்டு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் பேரலோடு சேர்ந்தே நகரும். ஸ்கோப் அப்படி அல்ல. மூட்டில் 40 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பேரல் 0.1 மில்லிமீட்டர் சாய்ந்தால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 25 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான். நடுவிலிருக்கும் பத்தாம் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்.

வாஷரைத் தூக்கிக்கொண்டு பேட்டையில் தெரிந்த அண்ணாச்சியின் லேத் பட்டறைக்குப் போனேன். மைக்ரோமீட்டரில் பழைய வாஷர் இரண்டையும் அளந்தார். ஒன்று தேய்ந்து மெலிந்திருந்தது. மெலிந்ததற்கு மட்டும் மாற்று செய்து தரட்டுமா என்று கேட்டவர், பின்கட்டையின் அகலத்தையும் அது உட்காரும் இடைவெளியையும் அளந்த பிறகு தானே மனதை மாற்றிக்கொண்டார். “ரெண்டு பக்கமும் ஒரே கனம் வேணும்லா தம்பி, இல்லன்னா குழாய் ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்கும்” என்றார். பாஸ்பர் பிரான்ஸ் தகட்டில் இரண்டையும் புதிதாக வெட்டி, எண்ணெய்க்கல்லில் தேய்த்துச் சமப்படுத்தித் தந்தார். துப்பாக்கி வேலையே பார்த்திராத மனிதர். பம்பு செட் தண்டுக்குப் புஷ் கடைந்து பழகிய கை. அந்தக் கைக்கு நான் மரியாதை செய்கிறேன். நம்ம ஊர் லேத்காரர்களிடம் அளவைச் சொல்வதைவிட, பொருளையே கொண்டுபோய்க் காட்டி எங்கே தேய்கிறது என்று விளக்கினால் வேலை சுத்தமாக வரும்.

வாஷரில் மாலிப்டினம் கிரீஸ் மெலிதாகத் தடவிப் பூட்டினோம். போல்ட் எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: பேரலை மடக்கி எந்தக் கோணத்தில் விட்டாலும் தன் எடையில் கீழே சரியாமல் அங்கேயே நிற்க வேண்டும், கையால் அசைத்தால் தடையில்லாமல் நகர வேண்டும். அந்த நிலை வந்ததும் பூட்டு ஸ்குருவைப் போட்டாயிற்று. ஓ-ரிங் பேரல் முகத்தைவிடக் கொஞ்சம் மேலே எழும்பி இருக்க வேண்டும். எங்களுடையது தாழ்ந்திருந்ததால் அடியில் மெல்லிய தகடு ஒன்று வைத்தோம். மூட்டின் மேல் டிஷ்யூ தாள் துண்டு ஒன்றைப் போட்டுச் சுட்டுப் பார்த்தால் தாள் அசையக் கூடாது. அசைந்தால் காற்று கசிகிறது.

எண்ணெய் விஷயத்தில் நம்ம வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: எதற்கும் தேங்காய் எண்ணெய். ரைஃபிளின் காற்றறையில் எந்தச் சாதாரண எண்ணெயும் போகக் கூடாது. பிஸ்டன் பாய்ந்து காற்றை நெரிக்கும் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கும்; சீல் கருகும், ஸ்பிரிங் உடையும். புதுப் பேரலுக்குள் பூசி வரும் காப்பு கிரீஸையும் துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை பின்பக்கமிருந்து துடைத்த பிறகே சுட்டோம். குண்டு போடும்போது மடக்கிய பேரலை ஒரு கையால் பிடித்தே இருக்க வேண்டும். திறந்த நிலையில் டிரிகர் விழுந்தால் பேரல் அறைந்து மூடும். விரல் போகும், பேரலும் வளையும்.

சோதனை எல்லாம் துப்பாக்கி சுடும் கிளப்பின் சுடுதளத்தில்தான். தோப்பில் வைத்துப் பார்ப்போமா என்று உறவுக்காரப் பையன்கள் கேட்டார்கள். கூடாது என்றேன். கூந்தன்குளத்தில் வந்திறங்கும் பறவைகளைத் தங்கள் பிள்ளைகளைப் போலக் காக்கிற ஊர் நம் மாவட்டத்தில் இருக்கிறது. 1994இல் அது சரணாலயமாகவும் ஆனது. கையில் ஏர் ரைஃபிள் உள்ளவன் கொக்கையும் புறாவையும் பார்த்து ஏங்குவது எனக்கு ஆகவே ஆகாது. வன உயிரினச் சட்டமும் விடாது.

முதல் குண்டுகள் சிதறின. அது எதிர்பார்த்ததுதான், புதுப் பேரலில் காடிகள் ஈயம் படிந்து பழக வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிள் குண்டு வெளியேறும் முன்பே பின்னும் முன்னும் உதைப்பதால், இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுட வேண்டும். ஒரு டப்பா குண்டு தீர்வதற்குள் சிதறல் சுருங்கி, ஐந்து குண்டுத் துளைகளை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடும்படி வந்தது. வேகம் அளக்கும் கருவியிலும் பார்த்தோம். 20 ஜூலுக்கு நன்றாகக் கீழேதான் இருக்கிறது.

இப்போது குண்டின் தலை அளவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 4.49, 4.50, 4.51, 4.52 என்று தனித்தனியாக விற்கிறார்கள். தட்டைத் தலைக் குண்டில் 4.51தான் இதுவரை இந்தப் பேரலுக்கு ஒத்துவருகிறது. பெரியப்பா ரைஃபிளை மாடி அறைக்கு மாற்றிவிட்டார். ரெக்சின் உறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று சொல்லி, எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.