நுனி வெடிப்பு: இடது ஜடை, வலது ஜடை

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். எனக்கு இடுப்புக்குச் சற்று மேல்வரை முடி. அப்படியென்றால் நுனியில் தொங்கும் துண்டு மண்டையை விட்டு வெளியே வந்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. அத்தனை தீபாவளிக் குளியலையும், மார்கழி விடியலில் ஈரத்தோடு போட்ட கொண்டைகளையும், கும்பகோணம் டவுன் பஸ்ஸின் ஜன்னல் காற்றையும் அந்தத் துண்டு தாங்கியிருக்கிறது. காதோரத்தில் இருப்பதோ போன வருஷத்துச் சரக்கு. அது மின்னுவதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வயசுக் கணக்கு மனசில் பதிந்த பிறகுதான் நுனி வெடிப்பை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை எங்கள் வீட்டில் ஒரே தீர்ப்பு, "உடம்புல சூடு." அம்மா வெந்தயம் ஊறவைப்பார். சித்தி பயோட்டின் மாத்திரை வாங்கி வருவார். சாப்பாட்டில் குறை இருந்தால் புதிதாக முளைக்கிற முடி மெலியும், கொட்டும், அது உண்மை. ஆனால் வெளியே வந்துவிட்ட முடியில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. ரத்தம் எட்டாத இடத்துக்கு மாத்திரையும் எட்டாது. பிளந்த நுனி தானாகக் கூடவும் கூடாது, கத்தரித்துத்தான் ஆக வேண்டும். அடுத்த நுனி பிளக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.

முடியின் வெளிப்புறம் மெல்லிய செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கில் படிந்திருக்கும். க்யூட்டிகிள் என்பார்கள். உள்ளே கெரட்டின் நார்கள் கட்டுக்கட்டாக நீளவாக்கில் ஓடும் கார்டெக்ஸ். பலமெல்லாம் அங்கேதான். செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருப்பதால், ஒரு முடியை நுனியிலிருந்து மேலே உருவினால் சொரசொரக்கும், கீழே உருவினால் வழுக்கும். உரசி உரசிச் செதில் உதிர்ந்துபோனால் உள்ளே இருக்கும் நார்களைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இல்லை. தென்னங்கயிற்றின் முனை முடிச்சு அவிழ்ந்தால் புரி பிரியுமே, அந்தக் கதிதான்.

அப்பா திருபுவனத்தில் பட்டுத் தறி நெய்கிறவர். இழை பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார். அதை வாங்கி, வெள்ளைக் காகிதத்தின் மேல் முடி நுனியைப் பரப்பிப் பார்த்தேன். ஒரே மாதிரி பிளந்திருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. சிலது பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. சிலது ஒரே பக்கமாகக் கிளை கிளையாக உரிந்திருந்தது. இன்னும் சில முடிகளில் நுனி நன்றாகவே இருக்க, நான்கைந்து விரல் மேலே வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியில் செதில் முழுக்கப் போய் நார்கள் நசுங்கி விரிந்திருக்கும். லேசாக வளைத்தால் அங்கேயே முறியும், முறிந்த இடம் புது வெடிப்பாகும். நுனியில் எண்ணெய் தடவுகிறவர்கள் இந்தப் புள்ளிகளைக் கவனிப்பதே இல்லை.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பாவு இழை அறுந்தா அங்கேயே ஒரு முடிச்சுப் போட்டு ஓட்டிடலாம். உன் கதை அப்படி இல்லையேம்மா" என்றார்.

அடுத்த நுனி பிளக்காமல் இருக்க எது உதவுகிறது என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். நடு வகிடு எடுத்து ரெட்டை ஜடை. ஒரு பக்கத்தில் ஒரு மாற்றம், மறுபக்கம் வழக்கம்போல. தண்ணீரும் ஷாம்புவும் இரண்டுக்கும் ஒன்று. இப்படிச் செய்தால் தட்பவெப்பம், சாப்பாடு என்று எதன் மேலும் பழி போட முடியாது. ஆடியில் இரண்டு பக்க நுனியையும் சமமாக வெட்டிவிட்டுத் தொடங்கினேன். "ஏண்டி, ஸ்கூலுக்கா கெளம்புற?" என்று அம்மா சிரித்தார். ஆபீஸிலும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

முதலில் தேங்காய் எண்ணெய். இடது ஜடைக்கு மட்டும், தலைக்குக் குளிப்பதற்கு முந்தின ராத்திரி, காது உயரத்திலிருந்து நுனிவரை. சொட்டச் சொட்ட வேண்டாம், உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு முடியை உருவினால் போதும். முடி நனையும்போது தண்ணீர் குடித்து ஊதும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு தடவையும் செதில் எழும்பிப் படியும். தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. முடிக்குள்ளேயே புகுந்துகொள்வதால் தண்ணீர் புகுவது குறைகிறது. 2003-ல் ரேலே, மோஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய்தான் குறைக்கிறது என்று கண்டார்கள். அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கிற மாரிகோவில் என்பதையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும். நல்லெண்ணெயை அவர்கள் சோதிக்கவில்லை, அதனால் தீபாவளி எண்ணெய் பற்றி அந்த ஆய்வை வைத்து யாரும் சண்டை போட முடியாது.

ஆவணி முடிவதற்குள் இடது பக்கம் சிக்கு குறைந்தது நன்றாகவே தெரிந்தது. வலது பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரத் தொடங்கின. ஆஹா, எண்ணெய் ஜெயித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் இடித்தது. எண்ணெய் இல்லாததுதான் காரணம் என்றால் புள்ளிகள் பரவலாக இருக்க வேண்டும், நுனிப்பக்கம் அதிகமாக இருக்க வேண்டும். எனக்கோ எல்லாம் தோள் உயரத்தில் ஒரே பட்டையாக இருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது விடை கிடைத்தது. கைப்பையின் வார் வலது தோளில். ஜடை அதன் கீழே மாட்டி, திரும்பும்போதெல்லாம் இழுபடுகிறது.

எண்ணெயை வலது பக்கத்துக்கு மாற்றினேன், பையை மாற்றவில்லை. புதுப் புள்ளிகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. அப்புறம் பையைக் கையில் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அந்தப் பட்டையில் புதிதாக வருவது அநேகமாக நின்றுபோனது. எண்ணெய் உதவுகிறது, சந்தேகமில்லை. ஆனால் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பதில் கிடைத்த பலன் எண்ணெயில் கிடைக்கவில்லை. இதற்கப்புறம் எதைத் தடவலாம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எது உரசுகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடினால் வீடு முழுக்க இருக்கிறது. நாற்காலியின் முதுகு. ரவிக்கையின் ஜரிகை பார்டர், ஜடை நுனி சரியாக அதில் வந்து படுகிறது. முனையில் பிளாஸ்டிக் போன ஹேர்பின். காய்கறி மூட்டையிலிருந்து எடுத்த ரப்பர் பேண்ட், கழற்றும்போது முடியோடுதான் வரும். தலையில் வைக்கிற பூ எங்கள் ஊரில் வாழைநாரில்தான் தொடுப்பார்கள். நார் ஈரமாக இருக்கிறவரை ஒன்றுமில்லை. ராத்திரி அப்படியே படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் காய்ந்த நாரை இழுத்தால் நாலு முடியும் கூட வரும். தலையணைக்கு அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையில் ஓர் உறை தைத்தேன். நெசவுக்காரர் வீட்டில் இதற்குப் பஞ்சமில்லை. பருத்தி உறையைவிட முடி வழுக்கிக்கொண்டு போகிறது, காலையில் பிடரியில் சிக்கு இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. டெல்டாவில் அடைமழை என்றால் தலை காய்வதே இல்லை. ஈரமான முடி காய்ந்த முடியைவிட அதிகமாக இழுபடும், சீக்கிரம் சேதமாகும். அந்த நேரத்தில்தான் நாம் துண்டால் பரபரவென்று தேய்க்கிறோம், முறுக்கிக் கொண்டை போடுகிறோம், பேன் சீப்பால் இழுக்கிறோம். அம்மாவுக்கு ஒரு வழக்கம். குனிந்து நின்று முடியை முன்னால் போட்டு, ஈரிழைத் துண்டால் படார் படாரென்று அடித்துத் தண்ணீரை உதறுவார். பார்க்க அழகு, முடிக்கு நல்லதில்லை. நான் பழைய வேட்டித் துணியால் சுற்றி, அழுத்தி ஒற்றி எடுக்கிறேன். பாதி காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பு. நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் இருக்கிற சிக்கெல்லாம் நுனியில் வந்து திரளும். ரொம்பச் சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது, அவர்கள் கண்டிஷனர் போட்டு ஈரத்திலேயே சிக்கெடுப்பதுதான் நல்லது.

சாம்பிராணிப் புகையில் காயவைப்பது பற்றிக் கேட்பீர்கள். தணலுக்குப் பக்கத்தில் போகாதவரை பரவாயில்லை. ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வைப்பதுதான் உண்மையான ஆபத்து. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழ் விடும். கல்யாண சீசனில் அவசரத்துக்கு இதைச் செய்கிறவர்கள் உண்டு.

சீயக்காயை ஒரு ஜடைக்கும் ஷாம்புவை ஒரு ஜடைக்கும் போட்டுப் பார்த்ததில் முதலில் சீயக்காய்தான் தோற்றது. மில்லில் அரைத்த பொடி, சலித்தும் திப்பி இருந்தது. அந்தத் திப்பி முடியில் ஒட்டிக்கொள்ள, அதன் மேலேயே சீப்பு ஓடியது. பிறகு மல் துணியில் சலித்து, வடிகஞ்சியில் குழைத்துப் போட்டேன். எங்கள் பக்கத்துப் பாட்டிகள் செய்வதுதான். கஞ்சியோடு சேர்ந்ததும் பொடி வழுவழுவென்று பரவியது, அலசும்போதும் இழுக்கவில்லை. இந்தச் சுற்றில் இரண்டு ஜடைக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வெறும் கஞ்சியை ஊறவைத்தும் பார்த்தேன். சரியாக அலசாத அன்று மாவு பூசிய மாதிரி விறைத்து, சிக்கு கூடியது. அதை விட்டுவிட்டேன்.

அக்காவை வேதாரண்யத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அங்கே போர்த் தண்ணீர் உப்பு. போய்த் தங்கினால் தலை பிசுபிசுக்கும், சீப்பு இறங்காது. மாமா தலைக்கும் குளியல் சோப்புதான் போடுவார். கடினமான தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகி முடி மேல் படியும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். சோப்பின் காரத்தில் செதிலும் எழும்பி நிற்கும். ஷாம்புவுக்கு இந்தக் கசடுத் தொல்லை குறைவு. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் மழைத்தண்ணீர் பிடித்துவைத்து, அதில் கொஞ்சமே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கச் சொன்னேன். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. மாமா இன்னும் சோப்பிலேயே இருக்கிறார்.

வெட்டுவது பற்றி. நுனியை வெட்டினால் முடி வேகமாக வளராது. வளர்ச்சி வேரில் நடக்கிறது, நுனியில் என்ன நடந்தாலும் வேருக்குத் தெரியாது. ஆனால் மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, நுனியில் அதே அளவு முறிந்தால் நீளம் அப்படியேதான் நிற்கும். "வளரவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்களில் பலருக்கும் முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அம்மா வளர்பிறையில்தான் வெட்ட விடுவார், அதுவும் செவ்வாய் வெள்ளி கூடாது. சண்டை போடவில்லை, வளர்பிறை எப்படியும் மாதாமாதம் வருகிறது.

செய்யும் விதம்: முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும். சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு கற்றை எடுத்து இறுக்க முறுக்கினால், பிளந்ததும் முறிந்ததும் முறுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை மட்டும், பிளவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, நறுக்க வேண்டும். பிளவிலேயே வெட்டினால் மிச்சமிருக்கும் விரிசல் மேலே ஏறும். கத்தரிக்கோல் முடிக்கென்றே தனியாக, கூர்மையாக இருக்க வேண்டும். பால் கவர் வெட்டுகிற மொட்டைக் கத்தரி முடியை நறுக்காமல் நசுக்கும், அந்த நசுங்கல்தான் அடுத்த வெடிப்பு. நீளம் குறையாமல் வெடிப்பை எடுக்க இதைவிட நல்ல முறை நான் பார்க்கவில்லை. பொறுமை வேண்டும், ஒரு முழு மத்தியானம் போகும்.

சீரம் வாங்கலாமா என்றால், வாங்கலாம். அதில் இருக்கும் சிலிக்கோன் பிளவை ஒட்டிப் பிடித்த மாதிரி காட்டும், தலைக்குக் குளித்தால் போய்விடும். குணமாகாது. ஆனாலும் முடியும் முடியும் உரசாமல் வழுக்க வைக்கிறது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காதவர்களுக்கு இது சரிதான்.

தைக்குப் பிறகு கண்ணாடியில் பார்க்கும்போது இரண்டு ஜடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. புதிய வெடிப்பு அங்கொன்றும் இங்கொன்றும்தான். கிளை கிளையாக உரிந்தவை அறவே இல்லை. பழைய புள்ளிகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, அவை கீழே இறங்கி வெட்டுக்கு வர இன்னும் காலம் ஆகும். இப்போது வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, வெயிலும் செதிலை அரிக்கும். பங்குனியிலிருந்து வலது ஜடையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, இடதை வெளியே விட்டு நடக்கப் போகிறேன். மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் வந்த பிறகு நுனிகளைப் பார்த்து எழுதுகிறேன்.