கொப்புளம் ஆறும் வரை

டிசம்பர் 3, 2024, செவ்வாய்

புயல் கரை கடந்தும் வீட்டுக்குள் ஈரம் போகவில்லை. துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம். தொண்டையில் கரகரப்பு. மகள் அம்முவுக்குப் பிரசவ நேரம், இந்த வாரம் பார்த்தா இது வர வேண்டும்.

டிசம்பர் 4, புதன்

மூக்கு கொட்டுகிறது. அம்மா விடிகாலையிலேயே கற்பூரவல்லி இலையைத் தணலில் வாட்டிச் சாறு பிழிந்து கொடுத்தாள். மத்தியானம் மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம். ராத்திரிக்குச் சுக்குக் கஷாயம், பனங்கற்கண்டு போட்டு. நானாக வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். இவையெல்லாம் ஜலதோஷத்தை ஒரு நாள் முன்னதாகக்கூட விரட்டாது என்று எனக்குத் தெரியும். ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, உடம்பு தானாக ஒரு வாரம் பத்து நாளில்தான் ஜெயிக்கும். ஆனாலும் ரசம் சூடாக இறங்கும்போது தொண்டை இளகுகிறது. அந்த அரைமணி நேரம் எனக்கு வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்காமலேயே ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்தார்கள். வைரஸுக்கு அது எதற்கு? பாரசிட்டமால் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. அம்முவின் அறைப் பக்கம் போகவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

பெண் குழந்தை. 2 கிலோ 900 கிராம். அம்மு நன்றாக இருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மனைவி போனைப் பிடித்துக் காட்டினாள், அழுகைச் சத்தம் கேட்டேன்.

டிசம்பர் 7, சனி

உதட்டின் இடது ஓரம் சுருசுருவென்கிறது. இந்தச் சுருசுருப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் 8, ஞாயிறு

வந்தேவிட்டது. மிளகளவு கொப்புளங்கள், கொத்தாக. காய்ச்சல், தூக்கமின்மை, நடுவெயில் எது வந்தாலும் இதே இடத்தில்தான் வரும், இளவயதிலிருந்தே.

"சூட்டுக் கொப்புளம்டா, நெய் தடவு" என்கிறாள் அம்மா. ராத்திரி ஏதோ பூச்சி நக்கியிருக்கும் என்று தம்பி போனில் சொல்கிறான். எதிர்வீட்டு அக்கா இது அக்கி, குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அக்கி என்று அவர்கள் எழுதுவது பெரும்பாலும் விலாவைச் சுற்றிப் படர்கிற கொப்புளத்துக்கு. அது சின்னம்மை வைரஸ் பல வருடம் கழித்து எழுந்து வருவது. உதட்டில் வருவது அதற்குப் பங்காளி மாதிரி, ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். ஒருமுறை உள்ளே வந்தால் முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கிற நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும், வெளியேறாது. உடம்பு தளரும்போது அதே நரம்பு வழியாக உதட்டுக்கு வரும். உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பெரியவர்களுக்கு விஷயமில்லைதான். பிறந்த குழந்தைக்கு?

இதை யோசித்தே தூங்கவில்லை. தூங்காவிட்டால் கொப்புளம் இன்னும் பெரிதாகும் என்று அதற்கும் ஒரு பயம்.

டிசம்பர் 9, திங்கள்

டாக்டரம்மாவைப் பார்த்தேன். முகக்கவசத்தைக் கழற்றி உதட்டைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல கைக்குழந்தை இருக்கா சார்?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

அவர் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதுகிறேன். பிறந்து ஆறு வாரத்துக்குள் இந்த வைரஸ் தொற்றினால் குழந்தையால் தாங்க முடியாது. ஈரலுக்கும் மூளைக்கும் போகலாம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. ஒரு முத்தம் போதும். கொப்புளத்தைத் தொட்ட விரல் குழந்தையின் வாயிலோ கண்ணிலோ பட்டாலும் போதும். பொருக்கு விழுந்து, அடியில் தோல் முழுதாக மூடும்வரை நான் குழந்தையைத் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகும் என் வாய் அவள் மேல் படவே கூடாது, கொப்புளமே இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் வரலாம். அம்முவுக்குச் சின்ன வயதிலேயே இது வந்துபோயிருந்தால் அவள் ரத்தத்தின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குழந்தைக்கும் போயிருக்கும். அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள் என்றும் சொன்னார்.

குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, தோலில் நீர்க்கொப்புளம், இதில் எதைப் பார்த்தாலும் கஷாயம் கிஷாயம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

எனக்கு அசைக்ளோவிர் களிம்பு, ஒரு நாளைக்கு ஐந்து முறை. விரலால் வேண்டாம், பஞ்சுக் குச்சியால். சுருசுருப்பு தொடங்கிய அன்றே போட்டிருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருக்குமாம். இனி ஒரு குழாய் எப்போதும் வீட்டில் இருக்கும். வெயிலில் போனால் உதட்டுக்கும் வெயில் தடுப்புக் களிம்பு போடச் சொன்னார்.

நெய்யைப் பற்றிக் கேட்டேன். "காஞ்சு வெடிக்காம இருக்கத் தடவிக்கங்க, தப்பில்ல. தனிக் கிண்ணத்துல எடுத்துக்கங்க" என்றார். அம்மாவிடம் வந்து இதை மட்டும் முதலில் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

டிசம்பர் 11, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆரத்தி எடுத்தபோது நான் மாடியில் நின்றேன். துணி மூட்டைக்குள் இருந்து ஒரு சின்னக் காது மட்டும் தெரிந்தது.

டிசம்பர் 12, வியாழன்

விடாத மழை, பள்ளிகளுக்கு விடுமுறை. கொப்புளம் உடைந்து நீர் வடிகிறது. தொற்றுவதற்கு இதுதான் உச்சமான நேரம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றினேன், எரிச்சல் அடங்கியது. புளிப்பு, காரம் எதுவும் வாயில் வைக்க முடியவில்லை, மோர் சாதம்தான். ஒவ்வொரு முறை களிம்பு போட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். கைத்தோல் வெடிக்கிறது. வெடிக்கட்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். ஈரக்காற்றில் அகல் நிற்கவே இல்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மா குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கத் தேன் பாட்டிலோடு வந்திருந்தார். நல்ல மனுஷி. தன் கையால் சேனை வைத்த பிள்ளைகள் எல்லாம் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிச் சொல்கிறார். மாடிப் படியில் நின்றபடியே குரல் கொடுத்தேன்: "ஒரு வயசு வரைக்கும் தேன் வேண்டாம்மா." அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்கள் குடலில் ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து விஷம் கக்கும், கை கால் துவண்டு மூச்சே நின்றுபோகலாம். இதை எப்படிச் சொன்னாலும் அவருடைய தேன் கெட்ட தேன் என்று நான் சொல்கிற மாதிரிதான் கேட்கிறது. முகம் வாடிவிட்டது.

அம்மாதான் காப்பாற்றினாள். "காலத்துக்குத் தக்க மாத்திக்கணும் சம்பந்தி. நீங்க தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க, அது போதும்." கை கழுவிவிட்டுக் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார். தேன் பாட்டில் என் இருமலுக்கு மாடிக்கு வந்தது. எனக்கு அது நல்லதுதான், மிளகுப் பொடி கலந்து ஒரு ஸ்பூன், தொண்டை நமைச்சல் அடங்கித் தூங்கினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பொருக்கு கட்டியிருக்கிறது. கை போகிறது, இழுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே. மூக்கு திறந்துவிட்டது, இருமல் மட்டும் பாக்கி.

மனைவி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆவி வைரஸைக் கொல்லாது, மூக்குக்குக் கொஞ்ச நேரம் சுகம், அவ்வளவுதான். அந்தச் சுகம் எனக்குப் பிடிக்கும். பாத்திரத்தைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் தள்ளி வைக்கச் சொன்னேன். கொதிநீர் கொட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கீழே சாம்பிராணிப் புகை வாசனை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியிருக்கிறார்கள். புகை வேண்டாம், மெல்லிய துண்டால் ஒற்றினாலே போதும் என்று அம்முவுக்குச் செய்தி அனுப்பினேன். "பாட்டி கேக்கமாட்டேங்கறாங்கப்பா" என்று பதில். அமிர்தாஞ்சனைக் கொஞ்சம் நெஞ்சில் தடவலாமா என்றும் பாட்டி கேட்டாளாம். மயிலாப்பூர்க்காரர்களுக்கு அந்த மஞ்சள் டப்பா மேல் இருக்கிற பாசம் எனக்குப் புரியும், என் தலைமாட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் கற்பூரம் சேர்ந்த எந்தத் தைலமும் கைக்குழந்தைக்கு ஆகாது. கீழே இறங்கி, கூடத்தில் தூர நின்று, அம்மாவிடம் நேரில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் தூபக்காலைத் தூக்கிக் கொல்லையில் வைத்தாள்.

டிசம்பர் 19, வியாழன்

பொருக்கு விழுந்தது. அடியில் ரோஜா நிறத் தோல். இன்னும் இரண்டு நாள் பொறுக்கிறேன்.

டிசம்பர் 21, சனி

தூக்கினேன்.

முழங்கை வரை கழுவினேன். முகக்கவசம். புதிதாகத் துவைத்த வேட்டி சட்டை. அம்மு என் மடியில் வைத்தாள். கண்ணைத் திறந்து என் முகத்தைத் தேடினாள், பாதி முகம் மறைந்திருந்ததில் எதைப் பார்த்தாளோ. பால் வாசனை. நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும் என்று தலை தானாகக் குனிந்தது, நிமிர்ந்துகொண்டேன். என் கைவிரலைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு பிடி! அப்படியே இருந்தோம்.

டிசம்பர் 22, ஞாயிறு

பேர் வைத்தாயிற்று. கூட்டம். கொல்லைக் குழாயடியில் புது சோப்பும் துண்டுகளும் வைத்து அம்மா உட்கார்ந்துகொண்டாள். "வெளியிலேர்ந்து வந்து நேரா பச்சப்புள்ளையத் தொடக்கூடாது, கை கால் கழுவிட்டு வாங்க." அவள் சொல்வது காற்று கருப்புக்காக. நான் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வருத்தப்பட்டிருப்பார்கள், எண்பது தாண்டியவள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வரிசையாகப் போனார்கள். ஜலதோஷம் கை வழியாகவும் ஏறுகிறது. பிரசவ வீட்டுக்குள் ஆளை விடாமல் வைத்திருந்த பழைய கட்டுப்பாடுகளில் எதை விட்டாலும் இந்தக் குழாயடியை மட்டும் விடக் கூடாது.

ஒருவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டார். உதட்டில் புண் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 25, புதன்

குழந்தையின் கன்னத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. கொசுக்கடி. சாயங்காலம் மங்கிவிட்டது.

ஜனவரி 7, 2025, செவ்வாய்

டிவி முழுக்க ஹெச்.எம்.பி.வி. சென்னையில் ஒருவருக்கு, சேலத்தில் ஒருவருக்கு என்று அரசு அறிவித்திருக்கிறது. புது வைரஸ் ஒன்றும் இல்லை, 2001லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலோருக்குச் சாதாரண ஜலதோஷமாகப் போய்விடும். அம்மு பயந்து மூன்று முறை கூப்பிட்டாள், அதே வீட்டுக்குள்ளேயே போனில். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இரு, அதைவிடப் பெரிய மருந்து இந்த வயதுக்கு இல்லை என்றேன். அம்முவுக்கே சளி பிடித்தாலும் நிறுத்த வேண்டியதில்லை, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம்.

ஜனவரி 12, ஞாயிறு

நாளை போகி. விடியுமுன் தெருவில் பழைய பாய், டயர் எல்லாம் எரிப்பார்கள். குழந்தையின் அறை தெருப் பக்கம். தொட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம், ஜன்னல் இடுக்கில் துணி வைத்தாயிற்று.

மாப்பிள்ளை பொங்கலுக்கு வருகிறார். போனில் குரல் அடைத்திருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, ஆபீஸ் ஏசி" என்கிறார். மூக்கை உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது. பெற்ற பிள்ளையைப் பார்க்க இத்தனை நாள் கழித்து வருகிறவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும், வாசலிலேயே. மாடி அறையில் அவருக்குப் படுக்கை போட்டுவிட்டேன், முகக்கவசப் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. வண்டி எட்டே காலுக்கு எக்மோர் வருகிறது, நானே போகிறேன்.