கெலமங்கலம் தோட்டமும் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும்

தர்மபுரியில் காலை ஆறரைக்கு ஏறிய பஸ்ஸை முதலில் திட்டிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். "பாயிண்ட் டு பாயிண்ட், கிருஷ்ணகிரி விட்டா ஓசூர்தான்" என்று கூவிக் கூவி ஏற்றினார்கள். காவேரிப்பட்டணத்தில் நின்றது, சூளகிரியில் நின்றது, நடுவில் கை காட்டிய எல்லோருக்கும் நின்றது. என் சீட்டின் சாய்மானம் கழன்றிருந்ததால் சாய்ந்தால் பின்சீட்டுக்காரர் மடியில்தான் விழ வேண்டும். இரண்டு மணி நேரப் பயணம், மூன்றே கால் மணி நேரம் ஆனது.

கெலமங்கலத்தில் ஆட்டோக்காரர் அடுத்த அடி. நாலு கிலோமீட்டருக்கு 250 ரூபாய். நண்பன் தெலுங்கில் பேரம் பேசினான், 250. கன்னடத்தில் கேட்டான், அதே 250. மூன்று மொழியும் சரளமாகப் பேசும் மனிதர், ஒரு மொழியிலும் பத்து ரூபாய் இறங்கவில்லை. எண்பது ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கவே கூடாது என்று பிறகு தோட்டத்தில் சிரித்தார்கள்.

இவ்வளவும் எதற்கு? பெங்களூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் சுற்றிக்காட்டி நாலு மடக்கு ஒயின் ஊற்றித் தருவதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். நண்பனின் மாமா ஒயின் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர், இப்போது சொந்த நிலத்தில் திராட்சை போடுகிறார். அவரிடம் போனால் செலவு பஸ் காசோடு போகும் என்று கணக்குப் போட்டோம். ஓசூரில் 1,150 ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கியதில் அந்தக் கணக்கும் கவிழ்ந்தது.

தோட்டத்தில் முக்கால்வாசி பெங்களூர் புளூ, ஜூஸுக்குப் போகும் கருநீலத் திராட்சை ரகம். தலைக்கு மேல் பந்தல், உள்ளே நுழைந்தாலே ஜூஸ் கடை வாசனை. ஓரமாகக் கம்பி கட்டி இரண்டே வரிசை கபர்நே சாவிஞ்ஞோன் என்ற ஒயின் திராட்சை, ஆசைக்கு வைத்தது. பழம் சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. வாயில் போட்டேன். முதலில் நல்ல தித்திப்பு, அப்புறம் தோல் கடிபட்டதும் பச்சைப் பாக்கு மென்றதுபோல ஈறெல்லாம் இழுத்துக்கொண்டது.

"துவர்க்குதா? அதுதான் தம்பி சரக்கே," என்றார் மாமா. ஒரு பழத்தை நசுக்கி உள்ளங்கையில் பிழிந்து காட்டினார். சாறு கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருந்தது. சிவப்பும் துவர்ப்பும் தோலில் இருக்கிறது, கொட்டையிலும் துவர்ப்பு உண்டு. கொட்டையை எடுத்துக் கடிக்கச் சொன்னார். பழுப்பாகி மொறுமொறுவென்று உடைந்தால் பழம் தயார், பச்சையாக இருந்தால் கசக்கும். சட்டைப்பையிலிருந்து, சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து இரண்டு சொட்டுச் சாறு விட்டு வெயிலைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னார். நீலக்கோடு 23 பிரிக்ஸில் நின்றது, அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 23 கிராம் சர்க்கரை. அவ்வளவும் புளித்தால் ஏறக்குறைய 13 சதவீத ஆல்கஹால். பெங்களூர் புளூவில் பார்த்தோம், 17தான்.

ஏப்ரலில் ஒரு கவாத்து, அதாவது கிளை வெட்டு, புரட்டாசி வாக்கில் காய்ப்புக்கு இன்னொரு கவாத்து, மாசியில் அறுவடை. பழம் முதிரும்போது சொட்டு நீரைக் குறைத்துக் கொடியைக் கொஞ்சம் வாடவிட வேண்டும். அதைவிட, கொத்துகளில் பாதியைப் பிஞ்சிலேயே வெட்டிக் கீழே போடுவார்களாம், மிச்சப் பழத்துக்குச் சத்து ஏறட்டும் என்று. "முதல் தடவை வெட்டச் சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துச்சு," என்றார்.

பந்தல் ஓரம் நீலமாக ஒரு டிரம். கொடிக்கு அடிக்கும் நோய் மருந்தான போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும். நம் விவசாயிகள் தினம் சொல்லும் இந்தப் பேர், பிரான்ஸின் ஒயின் ஊரான போர்டோவிலிருந்து வந்தது. அங்கே வழிப்போக்கர்கள் பழம் பறிக்கக் கூடாதென்று சாலையோரக் கொடிகளில் இதை அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-இல் அது மருந்தாக வெளியே வந்தது. திருட்டுப் பயத்தில் பிறந்த மருந்து!

தொழிற்சாலைக் கதை சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது நடந்தது. காம்பு நீக்கி, லேசாக உடைத்து, தோலோடும் கொட்டையோடும் தொட்டியில் விட்டு ஈஸ்ட் சேர்ப்பார்கள். தோசை மாவு பொங்குகிற மாதிரிதான், வாயு கிளம்பித் தோலையெல்லாம் மேலே தள்ளிக் கெட்டியாக ஆடை கட்டும். அதை நாளைக்கு இரண்டு மூன்று முறை உள்ளே அமுக்கினால்தான் நிறம் இறங்கும். தொட்டிக்குள் தலையை நீட்டினால் கரியமில வாயு கிறுகிறுக்க வைக்கும் என்பதால் தனியாக யாரையும் விடமாட்டார்களாம். வாரம் பத்து நாளில் வடித்துப் பிழிந்து, நல்ல சரக்கு ஓக் பீப்பாய்க்குப் போகும். ஒரு பீப்பாய் 225 லிட்டர், 300 பாட்டில். உள்ளே கிடக்கும் மாதங்களில் கொஞ்சம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்க, மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1,150 ரூபாய் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் அதிகம்தான்.

அப்புறம் சாப்பாடு. அத்தை ராகிக் களி கிண்டி, மட்டனை மிளகு போட்டுச் சுருட்டி எடுத்திருந்தார். களி உருண்டையில் ஆவி பறக்க நடுவில் குழி செய்து குழம்பு ஊற்றியதும் ஒயினை மறந்தே போனேன். மாமாதான் பாட்டிலை ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம் வைத்திருந்தார். 'அறை வெப்பநிலையில் குடிக்கவும்' என்பது ஐரோப்பாக்காரன் வீட்டு அறைக்குச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் மாசி வெயிலில் அப்படியே ஊற்றினால் ஸ்பிரிட் வாடைதான் முன்னால் நிற்கும்.

கோப்பைக்குப் பதில் அகலமான கண்ணாடி டம்ளர். ஒரு சுழற்று, ஒரு முகர்தல், நாவல்பழ வாசனை. வெறும் வாயில் குடித்தபோது சத்தியமாகப் பிடிக்கவில்லை. ஒரு துண்டு மட்டனை மென்றுவிட்டுக் குடித்தேன், அதே ஒயின் வழுக்கிக்கொண்டு இறங்கியது. துவர்ப்பு இறைச்சியின் புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்வதால் நாக்கை விட்டுவிடுகிறதாம். மிளகாய்க் காரக் குழம்போடு முயன்று பார்க்காதீர்கள், தொண்டை எரியும். நான் பார்த்துவிட்டேன்.

கிளம்பும்போது மாமா இரண்டு கிலோ பெங்களூர் புளூ கட்டிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் இடமில்லை, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் டிரைவர் போட்ட பிரேக்கில் முன்னால் நின்றவரின் முதுகுக்கும் எனக்கும் நடுவில் பை நசுங்கியது. நிறம் தோலில்தான் இருக்கிறது என்பதற்கு என் வெள்ளைச் சட்டை சாட்சி. மூன்று முறை துவைத்தாயிற்று.