கள்ளிக்காட்டில் 13 கிலோமீட்டர்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே சைக்கிள் ஓட்டிப் பழகியவன் நான். அரிசோனாவில் அக்கா வீட்டுக்குப் போனபோது, விடியற்காலையில் டூசான் பக்கத்துச் சகுவாரோ தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினேன். கிழக்குப் பகுதியில் கள்ளிக்காட்டைச் சுற்றி வரும் 13 கிலோமீட்டர் தார்ச்சாலை, பெரும்பாலும் ஒருவழி. தொடக்கத்திலேயே சரேலென்று இறக்கம், உடனே வளைவு. பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவே கூடாது.

ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்றேன். பக்கத்தில் கை விரித்த சகுவாரோ ஒன்று. அந்தக் கள்ளிக்கு முதல் கை முளைக்கவே 50 முதல் 70 ஆண்டு ஆகும். என் தாத்தா காசிமேட்டில் வலை இழுத்த காலத்திலேயே அது அங்கே நின்றிருக்கும்! ஹாரன் இல்லாமல், செயின் ஓடும் சத்தத்தை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

சரி, திருவொற்றியூர் நண்பர்களே, ஞாயிறு காலை 5 மணிக்குப் பழவேற்காடு போகலாமா?