இலவசம் என்றால் மட்டும் வந்துவிடுவார்களா?

இலவசம் என்று சொன்னால் கூட்டம் அலைமோதும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை கிராமத்தில் கண் சிகிச்சை முகாம் நடத்திப் பார்க்க வேண்டும். பரிசோதனை இலவசம், ஆபரேஷன் இலவசம், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் இலவசம், பஸ்ஸில் கூட்டிப்போய் தங்கவைத்து சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் இலவசம். அப்படியும் பாதிப்பேர் பஸ் ஏற மாட்டார்கள். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு தொண்டு கண் மருத்துவமனைக்கு முகாம் அமைப்பாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். தொண்டு என்பது கொடுக்கிற பொருளில் இல்லை, அந்தப் பொருள் ஆள் கையில் போய்ச் சேருகிற வழியில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது அந்தக் காலி பஸ் சீட்டுகள்தான்.

வராததற்கு அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் முதலில் எரிச்சல் வரும். வயசாகிப் போச்சு, இனிமே பார்த்து என்ன ஆகப்போகுது என்பார்கள். மூணு நாள் போயிட்டா ஆட்டை யார் பார்ப்பா என்பார்கள். நூறு நாள் வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, விட்டால் கூலி போச்சு. கண்புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு கூட்டம். இந்தக் கடைசிக் காரணம் ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். அப்போது பள்ளிக்கூடக் கட்டடத்திலும் சத்திரத்திலும் வைத்தே ஆபரேஷன் நடக்கும், புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைக்காமல் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள், அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருட்டாட்டம்தான். தாத்தாவுக்கு அப்படி நடந்ததைப் பார்த்த பேரனுக்கு இன்று வயது 60. அவர் பயப்படுவதில் என்ன தப்பு?

நிலைமை மாறியதற்கு ஆபரேஷன் முறை மட்டும் காரணமில்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். காசு கொடுக்கக்கூடியவர்களிடம் வாங்குவது, அதை வைத்து இல்லாதவர்களுக்குச் செய்வது என்பதுதான் கணக்கு. 1992-ல் அங்கேயே லென்ஸ் தயாரிக்க ஆரோலேப் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து யானை விலை விற்றுக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லை அதற்குப்பின்தான் இலவச முகாமில் வருகிறவர்களுக்கும் வைக்கிற பொருளாக ஆனது. நன்கொடையை மட்டுமே நம்பியிருந்தால் இந்த அளவுக்கு நடந்திருக்காது என்பது என் எண்ணம். கருணைக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஆட்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எந்த மருத்துவமனையிடமும் பதில் கிடையாது. அந்தப் பதில் ஊரில்தான் இருக்கிறது. நான் போன கிராமம் ஒன்றில் ஒரு மகளிர் குழுத் தலைவி இருந்தார், ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. குழுவின் கடன் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கங்களில் அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார், யார் யாருக்குப் பார்வை மங்குகிறது என்று. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னால் மெஷினைத் தடவித் தேடுகிறவர்கள், பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்று நோட்டை நீட்டிக் கேட்கிறவர்கள், சாயங்காலமானால் திண்ணையை விட்டு இறங்காதவர்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விடுவார். இன்னார் ஆட்டை இன்னார் ஓட்டிப்போவது, இன்னார் வீட்டுக் கிழவருக்கு அந்த மூன்று நாளும் இன்னார் சோறு கொடுப்பது என்று பேசி முடித்துவிடுவார். அந்த ஊர் பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு இதில் என்ன கிடைத்தது? சம்பளம் இல்லை. ஓட்டுக்காகச் செய்கிறாள் என்று பேச்சு வேறு. உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கத்தான் செய்தார், தோற்றும் போனார், அடுத்த முகாமுக்கு வழக்கம்போல நோட்டோடு வந்து நின்றார். ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார்: "எங்க வீட்ல நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க சார். ஊர்ல கேக்குறாங்க." சேவை செய்தால் மனநிறைவு கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதைவிட இது எனக்கு உண்மையாகப் படுகிறது.

இன்னொரு வகை ஸ்பான்சர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ரைஸ் மில் முதலாளி, அப்பாவின் நினைவு நாளில் வருடா வருடம் முகாம் போடுவார். ஊர் எல்லையிலிருந்தே பிளெக்ஸ் ஆரம்பித்துவிடும். சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்வரை வயதானவர்கள் பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள், டாக்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் போகப்போக ஒன்றைக் கவனித்தேன். பேர் வாங்குவதற்காகச் செய்கிறவர் தேதியைத் தவறவிடுவதில்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த நாள் எல்லோருக்கும் மனப்பாடம், 'மில்லுக்காரர் முகாமுக்குப் போய்க்கலாம்' என்று மற்ற இடத்துக்கு வராதவர்கள்கூட அதற்கு வந்தார்கள். சத்தமில்லாமல் ஒரே ஒரு தடவை பெரிய தொகை கொடுத்துவிட்டுப் போன நல்லவர்களை எனக்குத் தெரியும். யாரால் அதிகம் பேருக்குப் பார்வை வந்தது என்று பார்த்தால் பிளெக்ஸ்காரர்தான் முன்னால் நிற்கிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதெல்லாம் சரி, நோயாளிக்குத் தேதி தெரிய வேண்டுமே.

கம்பெனிக்காரர்கள் கதை வேறு. 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தில் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று வந்தபிறகு டீ ஷர்ட் போட்ட இளைஞர்கள் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், என்ன வேலை கொடுப்பது என்றுதான் தெரியாது, அவர்களும் கொஞ்ச நேரம் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அப்புறம்தான் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் போன் செய்கிற வேலையை அவர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். சொட்டு மருந்து விடுகிறீர்களா, கண் சிவந்திருக்கிறதா, ஒரு மாதத்தில் மறுபரிசோதனைக்கு வருவீர்களா. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், யாரும் படம் எடுக்க மாட்டார்கள். சிலர் இரண்டாம் வாரமே கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் பெயர் சொல்லி விசாரிக்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். ஒரு பாட்டி, கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் முடிந்தபிறகு, 'நீ சாப்பிட்டியா, பொண்ணு பார்த்தாச்சா' என்று பதிலுக்கு விசாரிக்க ஆரம்பித்து, அந்தப் பையன் போனை வைக்க முடியாமல் நெளிந்ததும் உண்டு.

பார்வை திரும்பினால் வீட்டில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஆண்டறிக்கையில் கண்ணீர் மல்க எழுதுவார்கள். நேரில் அது அப்படி இருக்காது. ஒரு மாமியார் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் இந்தப் பாத்திரத்திலதான் எனக்குச் சோறு போட்டியா என்று ஆரம்பித்தாராம். எதுக்கு சார் கூட்டிட்டுப் போனீங்க என்று மருமகள் என்னிடமே கேட்டார், சிரித்துக்கொண்டுதான். ஆனால் அதே வீட்டில் பாட்டியைக் கைபிடித்துக் கொல்லைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அடிக்கடி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பேத்தி ஒருத்தி இருந்தாள். பார்வை போனவர் ஒருவர் என்றால் கட்டிப்போடப்பட்டவர்கள் இரண்டு பேர், பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் ஒரு பெண்பிள்ளை. எங்கள் பதிவேட்டில் அவளுக்குக் கட்டமே கிடையாது.

மறுபரிசோதனைக்குத்தான் இன்னமும் பணம் கிடைப்பதில்லை. ஆபரேஷனுக்கு ஸ்பான்சர் கிடைப்பார், எண்ணிக்கை சொல்லலாம். ஒரு மாதம் கழித்து அதே ஆட்களைத் திரும்பக் கூட்டிவந்து பார்த்து, தேவைப்பட்டால் கண்ணாடி கொடுப்பதில் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. மில் முதலாளியிடமே ஒருமுறை கேட்டேன், விளக்கேற்றுகிற செலவைக் குறைத்து மறுபரிசோதனைக்கு இரண்டு ஆட்டோ ஏற்பாடு செய்து கொடுங்கள் என்று. கொஞ்சம் யோசித்தார். ஆட்டோ தருவதாகச் சொன்னார், விளக்கிலும் கைவைக்க மாட்டாராம், ஆட்டோவின் பின்னால் அப்பா படம் போட்ட பிளெக்ஸ் இருக்க வேண்டுமாம். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.